பரணிலிருந்து இறங்கிய விசைப்பலகை: வாசகர் கேள்வி – பதில்

பழைய மெக்கானிக்கல் கீபோர்டுகளைக் குறைந்த செலவில் மீட்பது பற்றிய கடிதங்கள் சில மாதங்களாகவே சேர்ந்துகொண்டிருந்தன. அவற்றில் ஏழு கேள்விகளுக்கு இந்த இதழில் சேர்த்தே பதில் எழுதுகிறேன். எல்லாக் கடிதங்களிலும் ஒரு பதற்றம் பொதுவாகத் தெரிகிறது: எதை வாங்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறீர்கள். கெட்டது எது என்று தெரியும் வரை எதையும் வாங்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி: என் அப்பா டிடிபி சென்டர் நடத்திவந்தார். கடையை மூடியபோது கட்டி வைத்த மூட்டையில், தட்டினால் "டிக் டிக்" என்று சத்தம் வருகிற கனமான கீபோர்டு ஒன்று கிடைத்தது. பதினைந்து ஆண்டுகளாகப் பரணில் இருந்திருக்கிறது. இது மெக்கானிக்கல் கீபோர்டுதானா? 500 ரூபாய்க்குள் இதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர முடியுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் முடியும். முதலில் ஏதாவது ஒரு விசையின் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். அடியில் ரப்பர் குமிழ் தெரிந்தால் அது சாதாரண மெம்பிரேன் வகை. ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியாக ஒரு சிறிய சதுரப் பெட்டியும், அதன் நடுவில் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு தண்டும் இருந்தால் அது மெக்கானிக்கல் வகை. தண்டு நீல நிறமாக இருந்து, அழுத்தும்போது சத்தமும் வந்தால், அது செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் ப்ளூ ஸ்விட்சாகவோ அதைப் பார்த்துச் செய்த மாற்றாகவோ இருக்கும். நம் ஊர் டிடிபி சென்டர்களிலும் பில்லிங் கவுண்ட்டர்களிலும் நெடுங்காலமாகப் புழங்கிவரும் டிவிஎஸ் கோல்டு கீபோர்டில் இருப்பது இந்த நீல ஸ்விட்ச்தான்.

இந்த ஸ்விட்ச் எவ்வளவு உழைக்கும் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே நம்பிக்கை வரும். எம்எக்ஸ் ப்ளூவுக்குச் சொல்லப்பட்டுவந்த ஆயுள் 5 கோடி அழுத்தங்கள். ஒருவர் நாளொன்றுக்கு 30,000 எழுத்துகள் ஆங்கிலத்தில் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வருகிற ஈ எழுத்து நூற்றுக்குச் சுமார் பன்னிரண்டு என்ற கணக்கில், அந்த ஒரு விசை ஒரு நாளில் 3,600 முறை அழுத்தப்படுகிறது. ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 10 லட்சத்து 80 ஆயிரம். 5 கோடியைத் தொட ஏறத்தாழ 46 ஆண்டுகள் ஆகும். ஆகவே பரணில் கிடந்த கீபோர்டில் ஸ்விட்ச் தேய்ந்து போயிருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. தூசியும் ஈரமும் கேபிளும்தான் கவனிக்க வேண்டியவை.

வேலையைத் தொடங்குமுன் கீபோர்டை மேலிருந்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூடிகளை மீண்டும் பொருத்தும்போது எது எங்கே என்று தேட வேண்டியிராது. பிறகு கணினியில் இணைத்து, நோட்பேடில் ஒவ்வொரு விசையையும் பத்து முறை தட்டி, வேலை செய்யாதவற்றையும் இரட்டிப்பாக விழுபவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கழுவுவதற்கு முன் இந்தப் பட்டியல் அவசியம். பழுது முன்பே இருந்ததா, நாம் கழுவியதால் வந்ததா என்ற குழப்பம் பின்னால் எழாது.

மூடிகளைக் கழற்ற தனிக் கருவி தேவையில்லை. இரண்டு பேப்பர் கிளிப்புகளை நிமிர்த்தி, நுனியைக் கொக்கிபோல் வளைத்து, மூடியின் எதிரெதிர் பக்கங்களில் மாட்டி நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். ஸ்பேஸ் பார், எண்டர், ஷிஃப்ட் போன்ற நீள விசைகளின் அடியில் சமநிலைக்காக ஒரு எஃகுக் கம்பி இருக்கும். அவற்றை மட்டும் இரு ஓரங்களிலும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தூக்க வேண்டும். அவசரப்பட்டால் கம்பியைப் பிடித்திருக்கும் சிறிய பிளாஸ்டிக் கொக்கி உடையும். அதற்கு மாற்று கிடைப்பது எளிதல்ல.

டிடிபி சென்டர் கீபோர்டு என்பதால் உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. நான் திறந்த ஒரு கீபோர்டில் ஸ்பேஸ் பாரின் அடியில் காகிதத் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. அதற்குள் இரண்டு ஸ்டேப்ளர் பின்கள். எண்டர் விசையைச் சுற்றி மஞ்சளாகவும் சிவப்பாகவும் ஏதோ கெட்டியாகக் காய்ந்திருந்ததைச் சுரண்டிப் பார்த்தபோதுதான், ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அவை என்று புரிந்தது. அப்படி ஏதும் இருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்தபடி, காய்ந்த பிரஷ்ஷால் முதலில் உதிர்த்துவிட்டு, மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் அந்தத் தூள் கரைந்து ஸ்விட்சுக்குள் இறங்கும்.

மூடிகளை மட்டும் பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் ஓரிரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவலாம். கொதிநீர் கூடவே கூடாது. பொறுமையின்றிக் கொதிநீரை ஊற்றியதில் வளைந்துபோன ஸ்பேஸ் பார் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. அதற்குப் பொருத்தமான மாற்று கிடைக்கவேயில்லை. கழுவியபின் ஒரு முழு நாள் நிழலில் உலரவிட வேண்டும். தண்டு செருகும் குழியில் நீர் தங்கியிருப்பது வெளியே தெரியாது. ஆல்கஹால் 100 மில்லி, ஒரு பிரஷ், சோப்பு என்று உங்கள் செலவு 200 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

கேள்வி: ஏ விசையை ஒருமுறை அழுத்தினால் இரண்டு எழுத்துகள் விழுகின்றன. பழுது பார்ப்பவர் எல்லா ஸ்விட்சுகளையும் மாற்ற வேண்டும் என்கிறார். அவ்வளவு செலவு தேவையா?
— ஒரு வாசகர், சிவகாசி

பதில்: தேவையில்லை. ஒரு விசையில் குறை என்றால் ஒரு விசையைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்விட்சுக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் உள்ளன. விசை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கீழே இறங்கும்போது அவை ஒன்றையொன்று தொடுகின்றன. எந்த உலோகத் தொடுகையும் தொட்ட கணத்திலேயே உறுதியாக நிற்பதில்லை. சில மில்லி நொடிகள் அதிர்ந்து பிறகே நிலைகொள்ளும். அந்த அதிர்வைக் கணக்கில் கொள்ளாமல் விடும்படிதான் கீபோர்டின் சிப் அமைக்கப்பட்டிருக்கிறது. தொடும் இடத்தில் அழுக்குப் படிந்தால் அதிர்வு நீள்கிறது. சிப் அதை இரண்டாவது அழுத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. இரட்டை எழுத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேபிளைக் கழற்றிவிட்டு, ஏ விசையின் மூடியை எடுத்து, தண்டை ஒரு குச்சியால் கீழே அழுத்திப் பிடித்தபடி, அதன் ஓரத்து இடுக்கில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விடுங்கள். உடனே ஐம்பது, அறுபது முறை வேகமாகத் தட்டுங்கள். ஒரு மணி நேரம் உலர்ந்தபின் சோதியுங்கள். ஒரே முறையில் சரியாகாவிட்டால் மறுநாள் மீண்டும் செய்யுங்கள். மூன்று முறைக்குமேல் முயல்வதில் பயனில்லை. மருந்துக்கடைகளில் கிடைக்கும் 70 சதவீத வகையில் நீர் அதிகம் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

அப்படியும் தீரவில்லை என்றால் கீபோர்டைத் திறந்து, ஸ்விட்சுகள் பற்றவைக்கப்பட்டிருக்கும் பச்சை மின்சுற்றுப் பலகையான பிசிபியின் அடிப்பக்கத்தில் அந்த ஸ்விட்சின் இரண்டு கால்களையும் பாருங்கள். காலைச் சுற்றி மயிரிழைபோல் வட்டக் கீறல் தெரிந்தால் அதுதான் நம் மெக்கானிக்குகள் சொல்லும் டிரை சால்டர். சால்டரிங் அயர்னை வைத்துச் சிறிது புதிய ஈயம் சேர்த்தால் போதும். கீறலும் இல்லை என்றால்தான் ஸ்விட்சை மாற்ற வேண்டும். அதற்கும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஸ்க்ரோல் லாக் விசையை நீங்கள் கடைசியாக எப்போது அழுத்தினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய புதிதாகவே இருக்கும் அந்த ஸ்விட்சை ஏ இருக்கும் இடத்துக்கும், ஏ ஸ்விட்சை அங்கும் மாற்றிவிடுங்கள். பாஸ் பிரேக் விசையும் இதேபோல் உதவும். ஸ்பேஸ் பாரின் ஸ்விட்சை மட்டும் எடுக்க வேண்டாம். சில கீபோர்டுகளில் அதன் ஸ்பிரிங் மற்றவற்றைவிட இறுக்கமானது.

ஸ்விட்சைக் கழற்றும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய ஈயத்தை நேரடியாக உறிஞ்ச முயன்றால் பாதிதான் வரும். முதலில் புதிய ஈயம் கொஞ்சம் சேர்த்து இளக்கிவிட்டு, 25 வாட் அயர்னை இரண்டு மூன்று நொடிகளுக்குமேல் வைக்காமல், சக்கர் பம்பால் உறிஞ்சுங்கள். இரண்டு கால்களும் துளைக்குள் அசைகின்றனவா என்று பார்த்த பிறகே ஸ்விட்சை மேலே எடுக்க வேண்டும். அசையாத காலோடு இழுத்தால் பிசிபியின் செம்பு வளையமும் கூடவே பெயர்ந்து வரும், அதன்பின் வேலை இரட்டிப்பாகிவிடும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய கீபோர்டின் பிளக் வட்டமானது. மடிக்கணினியில் இணைக்க ஒரு சிறிய அடாப்டர் வாங்கினேன், விளக்குகூட எரியவில்லை. கீபோர்டு செத்துவிட்டதா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கீபோர்டு நன்றாகவே இருக்கக்கூடும், குறை அடாப்டரில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆறு ஊசிகள் கொண்ட அந்த வட்டப் பிளக், 1987இல் ஐபிஎம் வெளியிட்ட பிஎஸ்/2 கணினிகளோடு வந்தது. அந்தப் பெயரே பிளக்குக்கும் நிலைத்துவிட்டது. அது பேசும் முறை வேறு, யுஎஸ்பி பேசும் முறை வேறு. விரல் நீளத்தில் கிடைக்கும் மலிவான அடாப்டருக்குள் வெறும் கம்பி இணைப்புகளே இருக்கின்றன. இரண்டு முறைகளும் தெரிந்த சிப் உள்ள கீபோர்டோடு மட்டுமே அது வேலை செய்யும். பழைய கீபோர்டுக்கு, உள்ளே சிப் வைத்த மாற்றி வேண்டும். அது பெரும்பாலும் ஒரு குட்டைக் கேபிளாக, ஒரு முனையில் யுஎஸ்பியும் மறுமுனையில் கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்று இரண்டு துளைகளுமாக இருக்கும். கடையில் கேட்கும்போது "இரண்டு துளை உள்ள கன்வெர்ட்டர்" என்று கேளுங்கள்.

அதை வாங்குமுன், வட்டத் துளையுள்ள மேசைக்கணினி தெரிந்தவர் எவரிடமாவது இருந்தால் அதில் இணைத்துச் சோதித்துவிடுங்கள். கணினியை அணைத்த நிலையில்தான் செருக வேண்டும், ஓடும்போது செருகுவதும் பிடுங்குவதும் பிஎஸ்/2 துளைக்கு நல்லதல்ல. அங்கும் விளக்கு எரியவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். இதில் வேலை செய்பவை நான்கே கம்பிகள்: தரவு, கடிகாரத் துடிப்பு, 5 வோல்ட், எர்த். கீபோர்டின் உடலுக்குள் நுழையும் கழுத்தில்தான் கம்பி வழக்கமாக அறும். மல்டிமீட்டர் என்ற மின் அளவுக் கருவியால் ஒவ்வொரு கம்பியாகத் தொடர்ச்சி (இடையில் அறாமல் இருக்கிறதா என்று) பார்த்து, அறுந்த இடத்துக்கு அப்பால் வெட்டி மீண்டும் பற்றவைக்கலாம். கம்பியின் நிறத்தை நம்ப வேண்டாம். நிறங்கள் கீபோர்டுக்குக் கீபோர்டு மாறுகின்றன.

உங்கள் பிளக் இதைவிடப் பெரியதாக, ஐந்து ஊசிகளோடு இருந்தால் அது பிஎஸ்/2வுக்கும் முந்தைய ஏடி வகையாக இருக்கும். பேசும் முறை இரண்டுக்கும் ஒன்றே என்பதால், கம்பி மட்டும் மாற்றுகிற அடாப்டர் அங்கே போதும். அதன்பின் மேலே சொன்ன கன்வெர்ட்டரைச் சேர்க்க வேண்டும். ஆனால் அதே ஐந்து ஊசிப் பிளக்கை முற்கால எக்ஸ்டி கணினிகளும் பயன்படுத்தின. அவற்றின் பேச்சு முறை வேறு. கீபோர்டின் அடியில் எக்ஸ்டி, ஏடி என்று எழுதிய சிறிய ஸ்விட்ச் இருந்தால் ஏடி பக்கம் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: தேநீர் கொட்டிவிட்டது. துடைத்து, அரிசிக்குள் மூன்று நாள் புதைத்து வைத்தேன். இப்போது ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் ஐந்தாறு விசைகள் சேர்ந்தாற்போல் வேலை செய்யவில்லை. அத்தனை ஸ்விட்சுகளும் ஒரே நேரத்திலா கெட்டுப்போகும்?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் சந்தேகம் மிகச் சரியானது. அவை ஒன்றாகக் கெடவில்லை. அவற்றைச் சேர்க்கும் ஒரே கோடு அறுந்திருக்கிறது.

104 விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் சிப்புக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கால்கள் வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல், நெடுக்கும் குறுக்குமாகக் கோடுகள் ஓடவிட்டு, அவை வெட்டும் புள்ளியில் ஒவ்வொரு விசையையும் வைக்கிறார்கள். எட்டுக்குப் பதினாறு என்று அமைத்தால் 24 கோடுகளில் 128 விசைகளுக்கு இடம் கிடைக்கிறது. ஒரே கோட்டில் உள்ள விசைகள் பலகையின் மேல் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதில்லை. உங்கள் கடிதத்தில் அவை தள்ளித் தள்ளி இருப்பதாகச் சொல்வதற்கு அதுவே காரணம்.

கீபோர்டைத் திறந்து, பிசிபியின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தேநீரின் சர்க்கரையும் பாலும் தங்கிய இடத்தில் செம்பு களிம்பேறி மங்கலான பச்சைத் திட்டாகத் தெரியும். ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு பசை நீங்கும்வரை தேய்த்து, உலர்ந்தபின் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து, வேலை செய்யாத விசைகளின் கால்களை ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டே செல்லுங்கள். எந்த இரு கால்களுக்கு இடையே பீப் ஒலி நிற்கிறதோ, அறுந்தது அங்கே. அந்த இரண்டு கால்களுக்கும் இடையே மெல்லிய உறையிட்ட கம்பித் துண்டு ஒன்றைப் பற்றவைத்துவிட்டால் கோடு மீண்டும் முழுமையாகிவிடும். செலவு என்று பார்த்தால் அந்தக் கம்பிக்குப் பத்து ரூபாய்கூட ஆகாது.

அரிசியால் பயன் எதுவுமில்லை. அதிலிருக்கும் மாவுத்தூள்தான் ஸ்விட்சுகளுக்குள் சேரும். எதுவும் கொட்டிய கணத்தில் செய்ய வேண்டியது, கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கீபோர்டைக் கவிழ்த்துப் போடுவது. சர்க்கரை காயுமுன் திறந்து துடைத்தால் மேலே சொன்ன எந்த வேலையும் இல்லாமல் போகும்.

கேள்வி: மூடிகளும் சட்டமும் மஞ்சளாகிவிட்டன. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெண்மையாகும் என்கிறார்கள். செய்யலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: வெண்மையாகும் என்பது உண்மை. ஆனால் செலவைக் குறைக்க நினைப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

பழைய கணினிச் சாதனங்களின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமலிருக்கப் புரோமின் கலந்த சேர்மங்களைச் சேர்த்தார்கள்; வெயிலும் வெப்பமும் பட்டு அவையும் பிளாஸ்டிக்கும் மாறுவதே மஞ்சள் நிறம். பெராக்சைடு அந்த நிறத்தை நீக்குகிறது, காரணத்தை நீக்குவதில்லை. சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பி வரலாம். கிரீம் வடிவில் பூசினால் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும் ஆபத்தும் உண்டு. அப்படியும் செய்ய விரும்பினால், 6 சதவீதக் கரைசலே போதுமானது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, முதலில் ஸ்க்ரோல் லாக் மூடி ஒன்றில் மட்டும் சோதித்துப் பாருங்கள். அதற்கும் முன்னால் சோப்பு நீரில் நன்றாகக் கழுவிப் பாருங்கள். மஞ்சள் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, ஆண்டுக்கணக்கில் படிந்த விரல் எண்ணெய்தான்.

கேள்வி: எழுத்துகள் பல அழிந்துவிட்டன. தமிழ்99 முறையில் தட்டச்சு செய்யும் என் மகளுக்காக இதைச் சரிசெய்கிறேன். புதிய மூடிகள் வாங்கலாமா? விசைகள் இறுக்கமாக இருப்பதற்கு எண்ணெய் விடலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எண்ணெய் விட வேண்டாம். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவானாலும் உள்ளே தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும். நீல ஸ்விட்சில் அந்த "டிக்" ஒலியும் மழுங்கும். ஸ்பேஸ் பார், எண்டர் இவற்றின் எஃகுக் கம்பி உரசும் இடத்தில் மட்டும், தீக்குச்சி நுனியளவு சிலிக்கோன் கிரீஸ் தடவலாம். கூட்டல் குறித் தண்டு மூடியில் சிக்கி இறுகுவதும் உண்டு என்பதால், மூடியைக் கழற்றிவிட்டுத் தண்டை மட்டும் அழுத்திப் பாருங்கள். அப்போது இறுக்கம் நீங்கினால் கோளாறு மூடியில்தான்.

புதிய மூடிகளைப் பொறுத்தவரை, தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பை மென்பொருள்தான் கவனித்துக்கொள்கிறது. கீபோர்டு எதுவானாலும் வேலை செய்யும். கற்கும் காலத்துக்குத் தமிழ் எழுத்து ஸ்டிக்கர்கள் போதுமானவை. விரல் பழகியபின் எழுத்தைப் பார்ப்பது குறைந்துவிடும் என்பதைத் தட்டச்சில் லோயர், ஹையர் முடித்த எவரும் உங்களுக்குச் சொல்வார்கள். எஃப், ஜே மூடிகளின் மேடு தேயாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முழு செட்டாக வாங்குவதாயிருந்தால் ஸ்பேஸ் பாரை அளந்துவிட்டு வாங்குங்கள்: இன்று கிடைக்கும் செட்டுகள் பெரும்பாலும் சுமார் 118 மில்லிமீட்டர் ஸ்பேஸ் பாருக்கு ஏற்றவை. விண்டோஸ் விசை இல்லாத மிகப் பழைய கீபோர்டுகளில் அது இன்னும் நீளமானது, அடிவரிசை பொருந்தாது.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் பழைய மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றை 400 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார்கள். நின்ற இடத்தில் எதைப் பார்த்து வாங்குவது?
— ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: கடையிலேயே கணினியில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். வட்டப் பிளக் என்றால், கன்வெர்ட்டரின் விலையையும் சேர்த்தே 400 ரூபாயைக் கணக்கிடுங்கள். எல்லா விசைகளையும் தட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு விசைகள் இரட்டிப்பதால் விலையைக் குறைத்துக் கேட்கலாமே தவிர, வாங்காமல் விட வேண்டியதில்லை. ஐந்தாறு விசைகள் கூட்டமாகச் செத்திருந்தால், பற்றவைக்கத் தெரிந்தவர் மட்டும் வாங்கலாம். ஸ்பேஸ் பாரையும் இரண்டு ஷிஃப்ட்களையும் ஓரத்தில் அழுத்தி, மறுஓரமும் கூடவே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் கம்பியோ கொக்கியோ போயிருக்கிறது. ஒரு மூடியைக் கழற்றித் தண்டு உடையாமல் இருப்பதையும், கீபோர்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்துத் திருகாணிகள் துருப்பிடிக்காமல் இருப்பதையும் பாருங்கள். திருகாணியில் துரு இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கக்கூடும். கேபிள் உடலுக்குள் நுழையும் இடத்தை விரலால் மெல்ல அசைத்துக்கொண்டே நம் லாக் (Num Lock) விசையைப் பலமுறை தட்டுங்கள். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அதைச் சொல்லி நூறு ரூபாய் குறைத்துக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கழுத்துப் பகுதியை வெட்டிப் பற்றவைத்துவிடுங்கள்.